சிறையினின்று விடுதலையும் சிகிச்சையின் தொடர்ச்சியும்

சிறைச்சாலையினின்று ஒருவர் விடுதலை பெறும் நாள் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அவர் எச்.ஐ.வி. தொற்றுடையவராயின், அவருடைய சிகிச்சை அறுந்துபோகக்கூடிய நாளும் அதுவேயாகும்.

எச்.ஐ.வி. கிருமி, உடலின் நோய் எதிர்ப்பாற்றலுக்கு ஆதாரமான ஒருவகை வெள்ளை அணுக்களை அழிக்கும் தன்மையது. கூட்டு மருந்து இக்கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை; அது பெருகாதவாறு தடுத்து வைக்கிறது. நாள்தோறும் தவறாது மருந்துண்பவருடைய இரத்தத்தில், கிருமியின் அளவு சோதனைக்கும் புலப்படாத அளவுக்குக் குறையும். அந்நிலை நீடிக்கும்வரை, உடலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. மருந்தை நிறுத்தினாலோ, பெரும்பாலோரிடத்தில் சில வாரங்களுக்குள்ளேயே கிருமி மீண்டும் பெருகிவிடுகிறது.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், 2004 முதல் 2007 வரை சிறையினின்று விடுதலையான, இச்சிகிச்சை பெற்றுவந்த 2,115 பேரைக் குறித்து ஆராய்ச்சி நடைபெற்றது. விடுதலையின்போது அவர்களுக்குப் பத்து நாள் மருந்து அளிக்கப்பட்டது. அது தீருமுன் மறுபடியும் மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. 60 நாட்களுக்குள் பெற்றவர்களும் நூற்றுக்கு முப்பதின்மரே. மருந்தைக் கையில் கொடுத்தனுப்புவது மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் மற்றோர் இடையூறும் உண்டு. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி, சிறையிலிருப்போரில் ஏறக்குறைய நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு வந்ததும் அவர்கள் வெளியேறிவிடுவர். முன்கூட்டி நாள் குறிக்க இயலாது. ஆகவே, விடுதலைக்கான ஆயத்தத்தைச் சிறை புகுந்த நாட்களிலேயே தொடங்குதல் வேண்டும்.

சித்தூர்ச் சிறையினின்று வெளிவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஊர் ஸ்ரீகாளஹஸ்தி எனின், 2022 ஏப்ரலில் புதிதாய் அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை அவருக்கு ஏற்றதாகலாம். வேலூர்ப் பக்கத்தவராயின் மாநில எல்லையையே கடக்க வேண்டும். எங்குச் செல்லினும், சிகிச்சை விவரமடங்கிய மாற்றுக் கடிதமும், புதிய மையத்தை அடையும்வரை போதிய மருந்தும், அவர் வந்து சேர்ந்தாரா என்று விசாரித்தறியும் ஒரு பணியாளரும் தேவை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சங்கிலி அறுபடும்.

2004 முதல் அரசு மையங்களில் இம்மருந்து இலவசமாய் வழங்கப்படுகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், அரசின் காவலிலுள்ளோருக்கும் சிகிச்சை பெறும் உரிமையை உறுதி செய்கிறது. ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை, சட்டம் கூறும் சில விலக்குகள் நீங்கலாக, அது தடுக்கிறது. எனவே களப்பணியாளர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கால், அயலார் அறிய நோயின் பெயரையோ சிறையின் பெயரையோ உரைத்தல் ஆகாது. அத்தகையோரின் குழந்தைகளைப் பள்ளியில் வேறுபடுத்தி நடத்துவதையும் இச்சட்டம் விலக்குகிறது. இதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்வார்களாக. ஐயம் தெளிய விரும்புவோர் 1097 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

தண்டனைக் காலம் முடிவதுண்டு. மருந்துண்ணும் காலம் முடிவதில்லை. சிறை வாயிலுக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடைப்பட்ட வழியில் அவர் தனித்து விடப்படாதிருத்தலே இப்பணியின் சாரமாகும்.