மார்கழி, தையில் கடற்கரைக்குப் போகலாமா?

கடற்கரை என்றாலே நமக்குக் கோடை விடுமுறையும் மாலைக் காற்றும்தான் நினைவுக்கு வரும். பனிக்காலத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சென்னையிலிருந்து கோடியக்கரை வரையிலான நம் கிழக்குக் கரையை நிதானமாகப் பார்க்க, பொங்கலை ஒட்டி வரும் வாரங்களைவிட நல்ல காலம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நடக்கவும் பார்க்கவும் போங்கள்; கடலில் குளிக்கப் போகாதீர்கள்.

எந்த நாளில் கிளம்புவது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அது ஓயும்வரை பொறுங்கள். துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது கப்பல்களுக்கான அறிவிப்பு. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 10 வரை ஆபத்தும் பேராபத்தும். உங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். எந்த எண் ஏறியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். தொலைவில் சுற்றும் புயல்கூட நம் கரையில் பெரிய அலையை எழுப்பும். வானம் வெளுத்த பிறகும் கடல் அடங்க இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

எந்த நேரத்தில் போவது? விடியற்காலையில். நம் கரை கிழக்கு நோக்கி இருப்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும். சென்னையில் டிசம்பர் நடுவில் 6.20-ஐ ஒட்டியும் ஜனவரியில் 6.30-ஐக் கடந்தும் உதிக்கும். ஆறு மணிக்கே மணலில் இருந்தால், சூரியன் வருவதற்கு முன்னால் வானம் நிறம் மாறுவதையும் பார்க்கலாம். கோடையில் இதற்கு அரைமணி, முக்கால் மணி முன்பாகவே எழ வேண்டியிருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போக இந்தப் பருவம் வசதியானது. போகிப் பண்டிகை காலையை மட்டும் விட்டுவிடுங்கள். புகையும் பனியும் கலந்து சூரியனே தெரியாமல் போகலாம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்தக் காற்று ஆகவும் ஆகாது.

குளிருமே என்று தயங்குகிறீர்களா? ஜனவரியில் சென்னையில் அதிகாலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கடல்நீரோ 26 டிகிரியை ஒட்டி இருக்கும். தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் இழக்கும் என்பதே காரணம். அதனால் விடியலில் அலையில் கால் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். காற்றுதான் சில்லிடும். பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு துணியும் தோளுக்கு ஒரு சால்வையும் போதும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும்; பனிக்காலம்தானே என்று தொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஏன் குளிக்கக் கூடாது? இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் நேரம் கொடுக்க வேண்டும். மழைக்காலத்து அலைகள் கரை மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும். கோடையில் நீங்கள் பார்த்த அகலமான, சரிவு குறைந்த கரை இப்போது பல இடங்களில் குறுகி, செங்குத்தாக இறங்கும். ஓரடி எடுத்து வைத்தால் முழங்கால் ஆழம். அடுத்த அடியில் இடுப்பளவு. திரும்பி ஓடும் அலை காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். மணலில் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி அரிப்பு தெரிந்தால் அதன் விளிம்பில் நிற்கவும் வேண்டாம், அடியில் உட்காரவும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து இழுவை நீரோட்டம் (கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய பாதை வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்புவது). அதை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும். நடுவில் ஒரு பட்டையில் மட்டும் அலை குறைந்து, நீர் கலங்கியோ கருத்தோ தெரியும். இங்கே அமைதியாக இருக்கிறதே என்று பலரும் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். நீச்சல் தெரிந்தவர் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. சோர்ந்துபோவார். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்தப் பட்டையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

வேறொருவர் சிக்கிக்கொண்டதைப் பார்த்தால்? தயவுசெய்து நீங்கள் இறங்காதீர்கள். கைகோத்துக்கொண்டு வரிசையாக இறங்கவும் வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று நான்கு பேர் போவது இப்படித்தான். மூடிய காலி கேன், பிளாஸ்டிக் குடம், காற்றடைத்த பந்து, கயிறு என்று பிடித்து மிதக்க எது கிடைத்தாலும் வீசுங்கள். பக்கத்தில் உள்ள மீனவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். 112-க்கு அழையுங்கள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களில் மழை முடிந்த பிறகும் ஓட்டம் வேகமாக இருக்கும், ஊர்க் கழிவும் சேர்ந்தே வரும். குழந்தைகளின் காலைக்கூட அங்கே நனைக்க விடாதீர்கள்.

இறங்காமல் வேறு என்ன செய்வது? பார்க்க நிறைய இருக்கிறது. மழைக்கால அலை ஒதுக்கிய சங்கு, சிப்பி, சோழியெல்லாம் கரையோரக் கோட்டில் கிடக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே உயிர் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கண்ணாடி போன்ற சொறி (ஜெல்லி மீன்), நீல நிறத்தில் பளபளக்கும் சிற்றுயிர்கள் இவற்றை மட்டும் தொட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன் எனப்படும் கடல் நத்தை வகை ஒதுங்கியது; பார்க்க அழகு, ஆனால் கொட்டும். சொறி பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ தடிப்பு உடலெங்கும் பரவினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். இரவில் வந்து, பின்கால்களால் குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். விடியலில் நடக்கும்போது கடலிலிருந்து மேலேறித் திரும்பும் தடத்தை நீங்களே பார்க்கலாம். சின்ன டிராக்டர் சக்கரம் ஓடியது போல இருக்கும். அந்த இடத்தைத் தோண்டாதீர்கள். இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். முட்டையை எடுப்பது குற்றம்.

நேரில் பார்க்க முடியுமா? முடியும். சென்னையில் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988 முதல் இரவில் கரையோரமாக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் (வேலியிட்டுக் காக்கும் மணல்திடல்) வைக்கிறது. பருவத்தில் பொதுமக்களையும் அழைத்துப்போகிறார்கள். பல கிலோமீட்டர் மணலில் நடக்கத் தெம்பு வேண்டும். ஆமை கட்டாயம் வரும் என்ற உறுதியும் இல்லை. டார்ச்சும் கைப்பேசி வெளிச்சமும் கூடாது. ஏறிவரும் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். சுமார் 45 முதல் 55 நாளில் பொரியும் குஞ்சுகளுக்கோ வெளிச்சம் உள்ள பக்கம்தான் கடல். தெருவிளக்கைக் கண்டு ஊருக்குள் ஊர்ந்து போய்ச் சாகும்.

செத்த ஆமை ஒதுங்கியிருப்பதையும் நீங்கள் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடலில் வாழ்வது எப்படி மூழ்கிச் சாகும் என்று குழந்தை கேட்கும். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாது. இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உடலைத் தொடாமல் வனத்துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.

பறவை பார்க்க ஆசை என்றால் சென்னைக்கு வடக்கே பழவேற்காடு, தெற்கே கோடியக்கரை. இரண்டிலும் பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக ஆழமில்லாத நீரில் மேயும். அருகில் போனால் பறந்துவிடும். ஒரு தொலைநோக்கி கொண்டுபோனால் பாதி நடை மிச்சம்.

எந்த நாள்களைத் தவிர்க்கலாம்? டிசம்பர் 31 இரவும் காணும் பொங்கலும் கூட்டத்துக்கான நாள்கள். சென்னையில் யாரும் கடலில் இறங்காதபடி காவல்துறை தடுப்புக் கட்டிவிடும். போகத்தான் வேண்டுமென்றால், பிள்ளைகளின் கையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். டிசம்பர் 26 வேறு மாதிரி. 2004 சுனாமியில் உறவுகளை இழந்த குப்பங்கள் அன்று கடலில் பூவும் பாலும் சேர்த்து அஞ்சலி செலுத்தும். பல ஊர்களில் படகு இறங்காது. அன்று அந்தக் கரைகளில் உல்லாசமாகப் படம் எடுக்க வேண்டாம்.

சூரியன் கடலில் மறைவதையும் பார்க்க வேண்டுமா? கன்னியாகுமரிக்குப் போங்கள். அங்கிருந்து மேற்குக் கரை வடமேற்காக வளைந்து போகிறது. கோடையில் சூரியன் வடக்கே சாய்ந்து நிலத்தின் பின்னால் மறையும். அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை தெற்கே சாய்ந்து இறங்குவதால் கடலிலேயே மறைவது தெரியும். உதயமும் அதே ஊரில் என்பதால் ஓர் இரவு தங்கினால் இரண்டையும் பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் படகில் போக நினைத்தால் காலையிலேயே வரிசையில் நில்லுங்கள். இது அங்கே பெருங்கூட்டப் பருவம். கடல் உள்வாங்கினாலோ காற்று வலுத்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள்.