தாத்தாவின் தோட்டத்தைத் தேடி வருபவருக்கு ஆலய இணையத்தளம் வழி காட்டுகிறதா?

லண்டனிலோ சிட்னியிலோ பிறந்து வளர்ந்த ஒரு பேரப்பிள்ளை, தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தையும் அவர் கும்பிட்ட அம்மன் ஆலயத்தையும் பார்க்க மலேசியாவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கடிதத்தில் உள்ள தோட்டத்தின் பெயர்தான் அவரிடம் இருக்கும் ஒரே தகவல். கைப்பேசியில் தேடி ஆலயத்தின் இணையத்தளத்தைக் கண்டுபிடிக்கிறார். திறந்ததும் பாட்டு சத்தமாக ஒலிக்கிறது. தலைவரின் வரவேற்புரை வருகிறது. பொறுப்பாளர்கள் மாலையுடன் நிற்கும் படங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. ஆலயம் எந்த ஊரில் இருக்கிறது, நடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும் தென்படவில்லை. அவர் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்.

2026ஆம் ஆண்டை மலேசியா சுற்றுலா ஆண்டாக அறிவித்துள்ளது. ஆலயங்கள், வீட்டுத் தங்குமிடங்கள், சிறு உணவகங்கள் எனப் பலவற்றையும் வெளிநாட்டினர் முதலில் சந்திப்பது கைப்பேசித் திரையில்தான். அந்த முகப்புப் பக்கத்தைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. வருபவரின் இடத்தில் நின்று யோசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் திரையில் ஐந்து பதில்கள்

இது என்ன இடம், எங்கே உள்ளது, எப்போது திறந்திருக்கும், எப்படி வருவது, யாரைத் தொடர்புகொள்வது ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் விரலால் அதிகம் நகர்த்தாமலேயே பதில் கிடைக்க வேண்டும். தலைவர் உரை, செயலவையினர் படங்கள், திருப்பணி வரலாறு எல்லாம் தேவைதான். அவற்றுக்கு உள்ளே தனிப் பக்கம் ஒதுக்கலாம்.

நமக்குப் பழகிப்போனதை வெளியூர்க்காரர் அறியமாட்டார். நண்பகலில் நடை சாத்தப்படும் என்பது நமக்குத் தெரியும். மதியம் ஒரு மணிக்கு வாடகைக் காரில் வந்து இறங்குபவருக்குத் தெரியாது. காலணியை எங்கே விடுவது, எப்படி உடுத்துவது, படம் எடுக்கலாமா என்பதை ஓரிரு வரிகளில் சொல்லிவிடலாம். பத்துமலையின் மேற்குகைக்குச் செல்ல 272 படிகள் ஏற வேண்டும். வயதான பெற்றோரை அழைத்து வருபவர் இதுபோன்ற தகவலை முன்பே தெரிந்துகொள்ள விரும்புவார்.

தேதி, எண், பணம்

இந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி முதல் நாள் வந்தது. அதை 01/02/2026 என்று போட்டால், மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர் ஜனவரி 2 என்று படிப்பார். அதை நம்பி விமானச்சீட்டு வாங்கினால் திருவிழாவே தவறிவிடும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

தொலைபேசி எண்ணிலும் கவனம் தேவை. 012 அல்லது 03 என்று தொடங்கும் எண்ணை வெளிநாட்டிலிருந்து அப்படியே அழைக்க முடியாது. முதல் பூஜ்யத்தை நீக்கி, முன்னால் +60 சேர்த்து எழுத வேண்டும். அந்த எண்ணில் புலனம் வழி செய்தி அனுப்பலாமா என்பதையும் குறிப்பிடுவது நல்லது.

‘அர்ச்சனை 10 வெள்ளி’ என்றால் நமக்கு ரிங்கிட். சிங்கப்பூர்த் தமிழருக்கு வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். ‘மலேசிய ரிங்கிட்’ என்று முழுமையாக எழுதினால் இருவருக்கும் புரியும்.

மொழியைத் தேர்ந்தெடுக்கக் கொடி வேண்டாம்

பல தளங்களில் மொழியை மாற்ற நாட்டுக் கொடிகளை வைக்கிறார்கள். தமிழுக்கு எந்த நாட்டின் கொடியை வைப்பது? இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் அதிகாரத்துவ மொழி, தமிழ்நாட்டின் ஆட்சிமொழி. கொடிக்குப் பதிலாக ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே மேல் மூலையில் எழுதினால் போதும்.

திருவிழா அறிக்கையைப் படமாக மட்டும் ஏற்றுவது இன்னொரு தவறு. படத்திற்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறியில் கண்டுபிடிப்பதும் மொழிபெயர்ப்பதும் கடினம். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதில் திணறும். படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழை யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்வது அவசியம். பழைய எழுத்துருவில் இருந்தால் வெளிநாட்டுக் கைப்பேசியில் புரியாத குறிகளாகவே தெரியும்.

பழைய பெயரும் புதிய பெயரும்

தோட்ட ஆலயங்களுக்கு இதுவே மிக முக்கியம். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சில ஆலயங்கள் இடம் மாறியுள்ளன. ஊர்ப் பெயர்களும் மாறியுள்ளன. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. தெலுக் அன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. வெளிநாட்டில் வாழும் பேரப்பிள்ளையிடம் இருப்பது பழைய பெயர்தான். தோட்டத்தின் பழைய பெயர், டிவிஷன், ஆலயம் முன்பிருந்த இடம், இப்போதுள்ள முகவரி ஆகியவற்றை முகப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வரைபட இணைப்பும் கொடுத்தால் தேடுபவர் வந்து சேர்வார். எழுதாவிட்டால், அந்தத் தோட்டம் இருந்த இடமே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

யார் பார்த்துக்கொள்வது?

தளத்தைத் தொடங்கிய இளைஞர் வேலைக்காக வெளியூர் போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுவது பல இடங்களில் நடக்கும் கதை. குறைந்தது இருவரிடம் அது இருக்க வேண்டும். தளப் பெயரைக் காலத்தோடு புதுப்பிக்காவிட்டால் வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ள முடியும். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதியைப் போட்டால், தகவலை நம்பலாமா என்பது வருபவருக்குப் புரியும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறிய சோதனை. ஆலயத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் முகப்புப் பக்கத்தை ஐந்து விநாடிகள் காட்டி, கைப்பேசியை வாங்கிக்கொள்ளுங்கள். அது என்ன இடம், எங்கே உள்ளது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால், தாத்தாவின் தோட்டத்தைத் தேடி வருபவரும் வழி தெரிந்து வந்து சேர்வார்.