திரும்பாத வாசலும் திரும்பி வந்த கர்தினாலும்



மேற்கு ஆபிரிக்காவின் கடற்கரையிலே, நைஜீரியாவுக்கும் தோகோவுக்கும் இடையில் ஒடுங்கி வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நாடு பெனின். பரப்பளவில் இலங்கையின் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. 1960 ஆகஸ்ட் முதலாம் நாள் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றபோது அதன் பெயர் தாஹோமி. தெற்கே ஃபொன், யொரூபா மக்களும் வடக்கே பாரிபா மக்களும் செறிந்து வாழ்கின்றனர். 2013ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நால்வரில் ஒருவர் கத்தோலிக்கர்; முஸ்லிம்கள் சற்று அதிகம். முன்னோரின் வோடூன் வழிபாடும் உயிர்ப்புடன் உள்ளது. உய்தா நகரிலே அமலோற்பவ அன்னையின் பேராலயத்துக்கு எதிரிலேயே மலைப்பாம்புக் கோயில் நிற்கிறது.

அதே உய்தாவின் கடற்கரையில் ‘திரும்பாத வாசல்’ என்னும் நினைவு வளைவொன்று 1995இல் எழுப்பப்பட்டது. விலங்கிடப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அக்கரையிலிருந்தே கப்பலேற்றப்பட்டு, அமெரிக்கக் கண்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வாங்கியவர்கள் ஐரோப்பியர், அவர்கள் நம் ஆண்டவரின் பெயரைத் தரித்தவர்கள் என்பதை நாம் மறைத்தலாகாது. அயல் இனத்தவரைச் சிறைப்பிடித்து விற்றவர்களோ தாஹோமியின் அரசர்கள். நொக்கூவே ஏரியின் நடுவே மரக்கால்கள் மீது வீடு கட்டி வாழும் கான்வியே ஊரவர், தம் முன்னோர் அடிமை பிடிப்போருக்கு அஞ்சியே நீருக்குள் குடியேறினர் என்று இன்றும் சொல்கின்றனர்.

இக்கரைக்கு நற்செய்தி வந்த வழியிலே நம் தமிழுக்கும் ஒரு பங்குண்டு. இதனை நம்மவருள் அறிந்தவர் சிலரே. மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக் என்னும் பிரெஞ்சுக் குரு 1842இல் தமிழகம் வந்து தமிழ் கற்றார்; 1846இல் கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆயரானார். அந்தந்த நாட்டு மக்களிடையே இருந்தே குருக்கள் எழவேண்டும் என்பதே அவரது தணியாத வேட்கை. சாதி வழக்கங்கள் பற்றிய பிணக்குகளும் சுதேச குருக்களை உருவாக்குவதிலிருந்த தடைகளும் அவர் மனச்சான்றை வாட்டவே, பதவியைத் துறந்து நாடு திரும்பினார். 1856இல் லியோன் நகரில் ஆபிரிக்க மறைபரப்புச் சங்கத்தை நிறுவினார். அவர் செல்ல விரும்பியது தாஹோமிக்கு; உரோமையோ அவரைச் சியரா லியோனுக்கு அனுப்பியது. 1859 மே மாதம் பிரீடவுன் துறையில் இறங்கியவரை ஆறே வாரங்களில் கொள்ளைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. உடன் சென்றவர்களுள் பெரும்பாலோரும் மாண்டனர். மனிதக் கணக்கில் இது முழுத் தோல்வி.

ஆயினும் சங்கம் கலைந்துவிடவில்லை. 1861 ஏப்ரலில் அருட்தந்தை பிரான்செஸ்கோ பொர்கேரோ உய்தாவில் கால்வைத்தார். 1928இல் அந்நாட்டு மைந்தர் ஒருவர் முதன்முதலாகக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிரேசியாக்கை 2020இல் திருச்சபை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அந்தச் சுதேச குருக்கள் வழியிலேதான் இசிதோர் தெ சூசா ஆண்டகையும் வந்தார். 1972இல் ஆட்சியைக் கைப்பற்றிய மத்தியூ கெரெக்கூ மார்க்சியத்தை அரச கொள்கையாக்கினார். 1975இல் நாட்டின் பெயரையும் மாற்றினார். திருச்சபையின் பாடசாலைகள் அரசுடைமையாயின. 1989 அளவில் வங்கிகள் வீழ்ந்தன. அரச ஊழியருக்குச் சம்பளமில்லை. 1990 பெப்ரவரியில் கொட்டொனூவில் கூடிய தேசிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கும்படி எல்லாத் தரப்பினரும் தேர்ந்தது இந்த ஆயரையே. மாநாடு தன்னை இறைமையுள்ளதாக அறிவித்தபோது இராணுவம் என்ன செய்யுமோ என்று நாடே அஞ்சியது. இறுதியில் கெரெக்கூ அதன் முடிவுகளை ஏற்றார். 1991 தேர்தலில் தோற்று, அமைதியாக விலகினார். அதே மனிதர் 1996இல் மக்களின் வாக்கினாலேயே மீண்டும் வந்ததும் உண்மை. துப்பாக்கி ஏந்தியோரை ஒரு மேசைக்கு முன் அமர்த்துவது எத்துணை அரிது என்பதை இந்நாட்டில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொருவர் கர்தினால் பெர்னார்டின் கன்தேன். 1960இல் கொட்டொனூவின் பேராயரானவர். பின்னர் உரோமையிலே ஆயர்களுக்கான பேராயத்துக்கு 1984 முதல் 1998 வரை தலைமை தாங்கினார். கர்தினால்கள் குழுவின் முதல்வராகவும் விளங்கினார். 2002இல், எண்பது வயதில், அப்பதவியைத் தாமாகவே துறந்து பெனினுக்குத் திரும்பிச் சென்றார். அவர் விட்ட இடத்துக்கு வந்தவர், 1977இல் அவரோடு ஒரே நாளில் கர்தினாலாக்கப்பட்ட யோசேப் ராற்சிங்கர்.

2008இல் கன்தேன் இறைவனடி சேர்ந்தார். சிறுவனாய்த் தாம் பயின்ற உய்தா குருமடத்தின் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2011 நவம்பரில் பெனினுக்கு வந்த திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர், தம் பழைய நண்பரின் அக்கல்லறையைத் தேடிச் சென்று செபித்தார்.