சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பிடித்தம்

ராணுவத்துல சாப்பாடு இலவசம்தானேன்னு நானும் நினைச்சிருந்தேன். அமெரிக்க ராணுவச் சம்பளச் சீட்டைப் பார்த்தா கதை வேற.

அங்கே மாசாமாசம் 'பி.ஏ.எஸ்.'னு ஒரு உணவுப் படி உண்டு. 2025-ல சிப்பாய்க்கு 465.77 டாலர், அதிகாரிக்கு 320.78 டாலர். இதுக்கு வருமான வரி கிடையாது. குடும்பத்துக்கும் சேர்த்து இல்ல, அவர் ஒருத்தர் சாப்பாட்டுக்கு மட்டும்.

அதிகாரி மெஸ்ஸுல சாப்பிட்டா காசு கொடுத்துடணும். வெளியே குடும்பத்தோட தங்குற சிப்பாயும் படியை வாங்கி, தானே பார்த்துக்கணும். சிக்கல், பாரக்ஸ்ல தங்குற இளம் சிப்பாய்க்குத்தான். மெஸ் சாப்பாட்டுக்குன்னு அந்தப் படியில பெரும்பகுதியைச் சம்பளத்துலயே பிடிச்சிடுவாங்க. சாப்பிட்டாலும் பிடித்தம், சாப்பிடலைன்னாலும் பிடித்தம். மெஸ் மூடினப்புறம் பசிச்சா, பர்கருக்குக் கைக்காசுதான்.

டியூட்டியால ஒரு வேளை தவறிட்டா, மேலதிகாரி ஒப்புதலோட அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மெஸ் சாப்பாடு பிடிக்கலைன்னு கேட்க முடியாது. ஹாஸ்டல்ல மெஸ் ரிடக்‌ஷனுக்கு லெட்டர் எழுதினவங்களுக்கு இந்த வலி புரியும்.

ஆக, படி எல்லாருக்கும் உண்டு. ஆனா அதை எங்கே செலவு பண்றதுன்னு முடிவெடுக்கிற உரிமை, குறைஞ்ச சம்பளக்காரருக்குத்தான் இல்ல.