வரைபடத்தில் இல்லாத குத்தகைக்காரர்

காவிரி டெல்டாவில் 2050-ல் என்ன பயிர் நிற்கும்? மழை, வெயில், கடல் மட்டம், மண்ணின் உப்பு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினால் வண்ண வரைபடம் ஒன்று வந்துவிடும். இப்போது விவசாயியையும் உள்ளே இறக்குகிறார்கள். தண்ணீர் குறைந்தால் இவர் என்ன செய்வார், இவரைப் பார்த்து அடுத்த வயல்காரர் என்ன செய்வார் என்று ஆயிரக்கணக்கான ஆட்களைக் கணினிக்குள் உலவவிட்டு ஓட்டிப் பார்க்கும் முறை. நல்ல வேலைதான்.

உள்ளே இறங்கியவர் யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சொந்த நிலத்தில் நின்று லாப நஷ்டம் பார்த்து முடிவெடுப்பவராகவே அவர் பெரும்பாலும் இருக்கிறார். தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் கோயில் நிலம், மடத்து நிலம், பட்டணத்துக்குப் போய்விட்டவர்களின் நிலம் என்று குத்தகையில் ஓடும் வயல்கள் ஏராளம். பலவும் வெறும் வாய்ப்பேச்சு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. பதியப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்குமா என்ற பயமும் அன்றிலிருந்தே இருக்கிறது!

2023-ல் மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தது. ஆனாலும் கடைமடையில் குறுவை கருகியது. 2024-ல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. போர்வெல் உள்ளவர் அதற்கு முன்பே நட்டுவிட்டார். வேறொருவர் நிலத்தில் போர்வெல் போட எந்தக் குத்தகைக்காரர் துணிவார்? பண்ணைக்குட்டை வெட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு, மரப்பயிருக்கு மாறு என்று பருவநிலைக்காகச் சொல்லப்படும் யோசனைகளில் பலவும் நாலைந்து வருஷம் அதே மண்ணில் இருக்கப்போகிறவருக்கானவை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைக்குப் பதிலாகக் கன்று வைத்தவர், காய் பார்க்கவே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பங்குக்கு உழுபவரால் அது முடியாது.

மாவட்ட அளவில் பார்த்தால் இந்த வித்தியாசங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பார்கள் கணினிக்காரர்கள். இருக்கலாம்.

என் கவலை வரைபடம் வெளியானபின் நடக்கப்போவதைப் பற்றியது. கடலோர ஒன்றியம் ஒன்று ‘நெல்லுக்கு ஆகாது’ என்று சிவப்பில் வந்தால், நிலக்காரர் இறால் குட்டைக்கு விடுவார், இல்லை மனை போட்டு விற்பார். இருபது வருஷம் உழுதவருக்கு அடங்கல் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் எந்தக் கணக்கில் நிவாரணம்? அடுத்த கள ஆய்வுப் படிவத்தில் இரண்டு கேள்வியாவது சேரட்டும்: நிலம் யாருடையது, பேச்சு எத்தனை போகத்துக்கு?