கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டிற்று

ஹாக்கியில் வெற்றி என்பது பாரத மக்களுக்குப் புதிய விஷயமல்ல. 1928 முதல் 1956 வரையில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் தொடர்ந்து ஆறு முறை தங்கப் பதக்கம் பெற்ற தேசம் நம்முடையது. அத்தகைய தேசம் ஒரு கோப்பைக்காக ஏங்கி நின்றது என்றால் இன்றைய இளைஞர்கள் வியப்படையக்கூடும். ஆனால் நடந்தது அதுதான்.

1960-ல் ரோமாபுரியில் பாகிஸ்தான் நம்மிடமிருந்து தங்கத்தைப் பறித்துக் கொண்டது. 1964-ல் டோக்கியோவில் அதை மீட்டோம். அதன் பிறகு இரண்டு ஒலிம்பிக்குகளில் வெண்கலத்தோடு திரும்ப நேர்ந்தது. 1971-ல் உலகக் கோப்பைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. அதில் மூன்றாம் இடமே கிடைத்தது. 1973-ல் ஹாலந்து தேசத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் நம்மவர் இரண்டு கோல் முன்னணியில் இருந்தும், முடிவில் பெனால்டி அடிகளில் தோற்றார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போயிற்று.

1975-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கோலாலம்பூருக்குச் சென்ற கோஷ்டிக்கு அஜித்பால் சிங் தலைவர். மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற பல்பீர் சிங் நிர்வாகி. நம் தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்ஸும் அக்கோஷ்டியில் இருந்தார் என்பதில் நமக்குத் தனிப் பெருமை உண்டு.

அரை இறுதி ஆட்டத்தில் மலேசியா 2-1 என்று முந்தி நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. அப்போது மாற்று ஆட்டக்காரராக இறக்கப்பட்ட அஸ்லம் ஷேர் கான், கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டுப் பெனால்டி கார்னரில் பந்தை வலைக்குள் அடித்தார். அதிகப்படி நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார்.

மார்ச்சு 15, சனிக்கிழமை. இறுதி ஆட்டம் மெர்டேகா மைதானத்தில் நடந்தது. மெர்டேகா என்றால் மலாய் மொழியில் விடுதலை. எதிரே நின்றது பாகிஸ்தான். அந்நாளில் டெலிவிஷன் நம் நாட்டில் மிகச் சில நகரங்களில்தான் உண்டு. ஆகவே தேசத்தின் பெரும்பகுதிக்கு ரேடியோவே மைதானம்; ஜஸ்தேவ் சிங்கின் ஹிந்தி வர்ணனையே கண். ஹிந்தி அறியாதவருங்கூட அக்குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பந்தின் போக்கை ஊகிக்கலாம்.

பதினேழாவது நிமிஷத்தில் பாகிஸ்தான் முந்தியது. இடைவேளைக்குப் பிறகு சுர்ஜித் சிங் சமன் செய்தார். 51-வது நிமிஷத்தில் அசோக் குமார் அடித்த பந்து கோல் மூலையில் பட்டுத் தெறித்து வெளியே வந்துவிட்டது. பாகிஸ்தானியர் ஆட்சேபித்தனர், மத்தியஸ்தர் விஜயநாதன் கோல் என்றே தீர்ப்பளித்தார். 2-1. எஞ்சிய பத்தொன்பது நிமிஷங்களை ரேடியோ அருகில் கழித்தவர்களுக்கு அவை எத்தனை நீளமாய் இருந்திருக்கும்!

ஆட்டம் முடிந்தபோது எழுந்த குதூகலத்தில் வெற்றிக் களிப்போடு ஒரு நிம்மதிப் பெருமூச்சும் கலந்திருந்தது. அசோக் குமார் ஹாக்கி மேதை தியான் சந்தின் புதல்வர். அரை இறுதியில் நம்மைக் காத்த அஸ்லமின் தந்தை அகமது ஷேர் கான், 1936-ல் பெர்லினில் தியான் சந்துடன் ஆடியவர். தந்தையர் அந்நியக் கொடியின் கீழ் தங்கம் வென்றார்கள். மைந்தர்கள் மூவர்ணக் கொடியின் கீழ் உலகக் கோப்பையைக் கொணர்ந்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் எல்லோரும் சேர்ந்து கொணர்ந்த கோப்பை அது. அதைச் செய்தளித்ததோ பாகிஸ்தான்!

மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கசப்பான பாடமும் உண்டு. மறு வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன் முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. உலக வெற்றி வீரர்களான நம்மவர் ஏழாம் இடத்தில் நின்றார்கள். மேல்நாடுகள் புதிய தரைகளை விரைந்து அமைத்தன. நம் பிள்ளைகளோ நெடுங்காலம் புல்லிலேயே பழகினார்கள். 2023 வரையில் நடந்த ஆடவர் உலகக் கோப்பைப் பந்தயங்களில் நமக்குக் கிடைத்த கோப்பை அந்த ஒன்றுதான். கோலாலம்பூர் வெற்றியைக் கொண்டாடுவோம். அதோடு, ஊர்ப் பள்ளிச் சிறுவர்களுக்கு ஆடத் தக்க தரையும் கையில் ஒரு மட்டையும் கிடைக்க வழி செய்வோம்.