மறதி யாருடைய குற்றம்?

எச்ஐவி பற்றித் தமிழில் பேசப்பட்டதெல்லாம் இரத்தமும் ஒழுக்கமுந்தான். மனசு, மூளை என்ற பேச்சே எழவில்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது அந்த இரத்தம் பாலியல் தொழிலாளர்களுடையது. கதையாடல் அங்கேயே இறுகிப்போச்சு. ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று சுவரெங்கும் எழுதினோம். சாகப்போகிறவருக்கு மனசு எதற்கு?

சாகவில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர் இன்று ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ முடிகிறது. எப்படியான வாழ்வு என்ற கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வைரஸ் நரம்பணுக்களை நேரடியாகத் தொற்றுவதில்லை. வெள்ளணுக்களில் ஏறி ஆரம்பத்திலேயே மூளைக்குள் நுழைந்து, அங்குள்ள காவல் அணுக்களைப் பிடித்து, ஓயாத அழற்சியை மூட்டுகிறது. யோசனை மெதுவாகிறது, கவனம் நழுவுகிறது, சொன்னது மறக்கிறது. கூட்டு மருந்து வந்தபின் முற்றிய மறதிநோய் அரிதாகிவிட்டது. லேசான பாதிப்புகள் தங்கிவிட்டன. நம்மிடம் அதிகமுள்ள ‘சி’ வகை மூளைக்குச் சாது என்றொரு கருத்து இருந்தது. 2006இல் வெளியான தென்னிந்திய ஆய்வு அந்த நிம்மதியைக் கலைத்தது. போதாததற்கு, நெடுங்காலம் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் கெட்ட கனவையும் மனச்சோர்வையும் தரக்கூடியது. மனச்சோர்வும் மறதியாகத்தான் வேஷம் கட்டும்.

இதைக் கண்டுகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். 2005இல் வெளிவந்த எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நான்கு சொற்களைச் சொல்லி, விரல்களை வேகமாகத் தட்டச் செய்து, கையை மூன்று நிலைகளில் மாற்றச் செய்து, கடைசியில் சொற்களைத் திரும்பக் கேட்பார்கள்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு. பன்னிரண்டுக்குப் பத்தோ குறைவோ என்றால் மேலும் சோதிக்க வேண்டும். (தொப்பி என்றதும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி நினைவுக்கு வருகிற புதுச்சேரியில் இரண்டு சொல் சேர்ந்தே ஞாபகத்தில் நிற்கும். எந்தச் சோதனையும் ஊரற்றது அல்ல.)

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சொன்னார்: “மாத்திர போட மறந்துட்டேன்னா திமிருங்கறாங்க தம்பி. மறந்துபோவுதுன்னா யாரு நம்புறா?” மறக்காதே என்பதுதான் சிகிச்சையின் முதல் கட்டளை. மறதியே நோயின் குறியாக இருக்கும்போது கட்டளை குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் எச்ஐவி உள்ளோருக்கென வகுத்த வாழ்க்கைத்தர வினாநிரல், தூக்கம், பணம், மருந்தோடு, பிறர் பழிப்பது எவ்வளவு உறுத்துகிறது என்றும் கேட்கிறது. பழி அங்கே நோயளவு எடையுள்ள ஒன்று.

பைத்தியத்தின் வரலாற்றை எழுதிய ஃபூக்கோ 1984இல் எய்ட்ஸால் இறந்தது சால்பெத்ரியேரில். ஒருகாலத்தில் பைத்தியங்களை அடைத்துவைத்த அதே வளாகம். அவரது துணைவர் தானியல் தெஃபேர் அவ்வாண்டே நோயாளிகளுக்காக அமைப்பொன்றைத் தொடங்கினார். நாமோ ஃபூக்கோவின் மேற்கோள்களை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டம் வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. அடுத்து கேட்க வேண்டியது சின்ன விஷயம்: மாத்திரை தவறியவரிடம் ‘ஏன்’ என்று அதட்டுவதற்கு முன் அந்த நான்கு சொற்களைச் சொல்லிப் பார்க்க ஐந்து நிமிஷம்.